கிறவல் வழியும் பின் கியரும்

கிளிநொச்சியிலிருந்து கண்டி வீதிவழியே தெற்கு நோக்கிச் சென்று, இரணைமடுச் சந்தியிற் கிழக்கே திரும்புவோர் குளக்கட்டை அடைவர். கனகராயன் ஆற்றை மறித்தெழுந்த அக்குளமே இப்பகுதி வயல்களுக்கு உயிர். மாணவர் சிலருடன் அங்கே சென்ற நாம் கிறவற் பாதையில் இறங்கியதும், ஒரு மலைச் சைக்கிளின் பின் கியர் மாற மறுத்தது; மேட்டில் மிதிக்கையிற் சங்கிலி தடதடத்து வழுக்கிற்று.

1970களிற் கலிபோர்னிய மலைச்சரிவுகளிற் பிறந்த வண்டி, மலையில்லா வன்னிக்கு எதற்கென நகைப்போர் உளர். கிறவற் குழிகளைக் கண்டவர் நகையார்.

இளைஞர் உடனே ஆணிகளை முடுக்கத் தொடங்குவர். எல்லை ஆணிகளைத் தொடவேண்டா. சங்கிலி ஆரைக் கம்பிகளுள் விழாமற் காப்பவை அவை. முதலிற் பின்னே நின்று நோக்குக. கியர்ப் பொறியைச் சட்டத்தோடு பிணைக்கும் சிறு காது வளைந்திருப்பின் எத்திருத்தமும் பயன்படாது. வண்டி வலப்புறம் விழுந்தால் வளைவது அதுவே. காது நேராயிருந்தும் பெரிய பற்சில்லுக்கு ஏற மட்டுந் தயங்கினால், கேபிள் தளர்ந்துள்ளது. உறை பொறியிற் புகுமிடத்துள்ள கைத்திருகைப் பின்னிருந்து பார்த்து இடஞ்சுழியாகக் காற்சுற்றுத் திருப்புக. இறங்கவும் தயங்கினால், பெரும்பாலும் உறைக்குட் புழுதியே. நாம் கண்டது இதுதான். உறையை விலக்கிக் கேபிளைத் துடைத்து, ஒரு துளி எண்ணெய் இட்டதும் கியர் இணங்கிற்று.

மாரியில் அப்புழுதி சேறாகும். கார்த்திகை, மார்கழியில் வாரமொருமுறை துடைத்தல் நன்று. துருவேறிய உறையாயின் மாற்றிவிடுக.