ஆயாவும் இன்ச் டேப்பும்!

மாசி மகத்துக்கு எங்க வைத்திக்குப்பம் வந்திருக்கீங்களா பாஸ்? மயிலம் முருகன்ல ஆரம்பிச்சு சுத்துப்பட்டு ஊர் சாமியெல்லாம் எங்க கடற்கரைக்குத்தான் தீர்த்தவாரிக்கு வரும். அன்னைக்கு மணல் தெரியாது, தலைதான் தெரியும். இந்த வருஷம் அந்தக் கூட்டத்துல எங்க ஆயா மட்டும் இல்லை. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவுல இருநூறு அடிதான். ஆனா, மணல்ல கால் புதைஞ்சா வலது முட்டி உயிரை எடுக்குதாம். வாசல்ல உட்கார்ந்து மேளச் சத்தத்தை மட்டும் கேட்டுச்சு.

ஆயாவுக்கு 66 வயசு. மீன் வியாபாரம். முப்பது வருஷம் தலையில அன்னக்கூடை, மீதி நேரம் அருவாமனை முன்னாடி குத்துக்கால். முட்டி என்ன இரும்பா?

ஆஸ்பத்திரியில எக்ஸ்-ரே பார்த்துட்டு, 'தேய்மானம்'னு சொல்லி பிசியோதெரபிக்கு அனுப்பினாங்க. அங்க இருந்த அக்கா, "முட்டியை விட்டுட்டு தொடையைப் பாருங்க"ன்னாங்க. நடக்கும்போது முட்டியில உடம்பு எடையைப் போல சுமார் இரண்டரை மடங்கு பாரம் இறங்குது. படி இறங்கினா மூணு மடங்குக்கும் மேல. அதைத் தாங்கிப் பிடிக்கிறதுல பெரிய பங்கு தொடையோட முன்பக்கத் தசைக்கு. பேரு குவாட்ரிசெப்ஸ்.

எனக்கு உடனே மெக்கானிக்கல் மூளை விழிச்சிடுச்சு. தொடை பெருசானா வலி குறையும். சிம்பிள்! (ஜிம்ல 'லெக் டே' அன்னைக்கு மட்டும் காணாமப் போற ஆள் நான். அது வேற விஷயம்.) ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சதும் பரிசோதனையும் ஆரம்பம். ஆயா வாங்கி விக்கிறது தேங்காய்த்திட்டு துறைமுகத்து பெரிய போட் மீன். 61 நாள் ஆயாவுக்கு லீவு. டெய்லர் கடை இன்ச் டேப்பை வாங்கி, முட்டிச் சில்லுக்கு மேல 15 சென்டிமீட்டர்ல பால்பென்னால குறி போட்டேன். வலது 41, இடது 42.5. "எனக்கு என்னாத்துக்குடா ஜாக்கெட் அளவு எடுக்கிற?"ன்னு ஆயா கத்துச்சு.

பயிற்சி ரொம்ப சாதாரணம். முட்டிக்கு அடியில துண்டைச் சுருட்டி வெச்சு அஞ்சு விநாடி அமுக்கணும். காலை மடக்காம ஒரு சாண் தூக்கணும். கையை ஊனாம நாற்காலியில இருந்து எழுந்து உட்காரணும். முதல் நாள் 30 விநாடியில ஆயா 6 தடவை எழுந்துச்சு. எழுந்த ஒவ்வொரு தடவையும் என்னைத் திட்டுச்சு.

நாலு வாரம் போச்சு. டேப் அதே 41. நான் கிட்டத்தட்ட கடையைக் கட்டிட்டேன். ஆனா நாற்காலி கணக்கு 9 ஆகியிருந்துச்சு! இது எப்படி?

அக்காகிட்டயே கேட்டேன். முட்டி வீங்கி வலிக்கும்போது, தொடைத் தசைக்குப் போற நரம்பு சிக்னலை உடம்பே குறைச்சிடுமாம். மோட்டார் நல்லாத்தான் இருக்கு, சப்ளை வோல்டேஜ்தான் கம்மி. பயிற்சி ஆரம்பிச்ச முதல் சில வாரத்துல வர்ற பலம் பெரும்பாலும் நரம்பு கத்துக்கிறதால வர்றது. சதை போடுறது அப்புறம். அதுமில்லாம என் டேப்புக்கு தசை எது, கொழுப்பு எதுன்னே தெரியாது. ஒண்ணு குறைஞ்சு இன்னொண்ணு கூடினாலும் அதே 41தான் காட்டும். நல்ல இன்ஜினீயர்டா நான்!

சரி, அப்ப வெயிட்டைக் கூட்டினா சீக்கிரம் சரியாகிடுமேன்னு அடுத்த ஐடியா. தேடினப்போ ஒரு அமெரிக்க ஆராய்ச்சி கிடைச்சது. 2021-ல வந்தது, வட கரோலினாவுல வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம் பண்ணினது. முட்டித் தேய்மானம் உள்ள 377 பேர். ஒரு குழுவுக்குக் கனமான வெயிட், ஒரு குழுவுக்கு லேசான வெயிட், இன்னொரு குழுவுக்கு வெறும் ஆரோக்கிய வகுப்பு. 18 மாசம் கழிச்சுப் பார்த்தா, மூணு குழுவுலயும் வலி குறைஞ்சிருக்கு. கனமா தூக்கினவங்களுக்குன்னு தனியா எந்த லாபமும் இல்லை. படிச்சதும் பகீர்னு ஆயிடுச்சு. பயிற்சியால முட்டி வலி ஓரளவு குறையும்னு வேற நிறைய ஆராய்ச்சிகள் சொல்லுது. ஆனா, 'இவ்வளவு சதை ஏறினா இவ்வளவு வலி இறங்கும்'னு நான் போட்டு வெச்சிருந்த ஃபார்முலா அவுட்.

அப்ப ஆயாவுக்கு எது வேலை செஞ்சது? தசையா, நரம்பா, இல்ல 61 நாள் கூடை தூக்காத ரெஸ்ட்டா? தினம் சாயங்காலம் பேரன் போனை வெச்சுட்டு அரை மணி நேரம் பக்கத்துல உட்கார்ந்ததும் காரணமா இருக்கலாம். ஒரே ஒரு ஆயாவை வெச்சு இதைப் பிரிச்சு சொல்ல முடியாது, பாஸ்.

ஜூன் 14, கடைசி அளவு. வலது 41.5. அந்த அரை சென்டிமீட்டர் நான் டேப்பை இழுத்துப் பிடிச்சதுல வந்ததாவும் இருக்கலாம். நாற்காலி 11. வலி இன்னும் இருக்கு, படி இறங்கும்போது கம்பியைப் பிடிச்சுக்குது. ஆனா அன்னைக்கு சாயங்காலம் ரெண்டு பேரும் மணல்ல நடந்து தண்ணி வரைக்கும் போனோம். நடுவுல ரெண்டு தடவை ஒரு படகு மேல சாஞ்சு நின்னுச்சு. அலை கால்ல பட்டதும், "நாளைக்கு நாலு மணிக்கு ஷேர் ஆட்டோ சொல்லிடு. கூடையை நீ தூக்கி வெச்சுடு"ன்னு சொல்லிச்சு.

தூக்கி வெச்சேன். செம கனம்!