ஸ்டார் போட்டார்கள் சார்!

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எனக்கு ஸ்டார் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போயும் எந்த வாத்தியாரும் போடாத ஸ்டார். பெருமையாக மனைவியிடம் காட்டினேன்.

"ஸ்டார் போட்டிருந்தா அளவு சரியில்லைன்னு அர்த்தம்ங்க" என்றாள்.

ஹெச்பிஏ1சி 6.2. டாக்டர் பொறுமையாக விளக்கினார். "5.7க்குக் கீழ இருந்தா கவலையில்லை. 6.5 தொட்டா சர்க்கரை நோய். நீங்க நடுவுல, காம்பவுண்ட் சுவர் மேல உக்காந்திருக்கீங்க. எந்தப் பக்கம் குதிக்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

வயசு 36. சுவரேறிக் குதிக்கிற வயசா சார் இது? வாரத்துக்கு 150 நிமிஷமாவது மூச்சு வாங்க உடம்பை அசைக்க வேண்டுமாம். உலக சுகாதார நிறுவனமும் அதே கணக்கைத்தான் சொல்கிறது. என் தொழிலோ வீட்டில் உட்கார்ந்து எழுதுவது. மொத்த உடம்பில் விரல்கள் மட்டும்தான் உழைக்கின்றன.

'தெருவில் நடக்க வேண்டியதுதானே' என்பீர்கள். நடந்தேன். பதினோரு நாள். மடிப்பாக்கத்தில் விடியற்காலை ஐந்தரைக்கு தெரு நாய்களின் பொதுக்குழு. ஆறரைக்கு மேல் தண்ணீர் லாரி, ஸ்கூல் வேன். ஐப்பசி பிறந்தால் நடைப்பயிற்சி நீச்சல் பயிற்சியாகிவிடும். பன்னிரண்டாம் நாள் மழை பெய்தது. மனதுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அப்போதே தெரிந்துவிட்டது, இது நமக்கு ஒத்து வராது.

சரி, வீட்டுக்குள்ளேயே ட்ரெட்மில்? எங்களுக்குக் கீழ் வீட்டில் ரிடையர்டு ஹெட்மாஸ்டர். குழந்தை பந்தைத் தட்டினாலே மாடியேறி வந்து ஆங்கிலத்தில் வருத்தப்படுவார். 84 கிலோ ஆசாமி தினமும் அரை மணி நேரம் அவர் தலைக்கு மேல் தொம் தொம்மென்று ஓடினால் என்ன ஆகும்? தவிர, 1818-ல் வில்லியம் க்யூபிட் என்ற இஞ்சினியர் இங்கிலாந்தில் சிறைக் கைதிகளை ஏறி மிதிக்க வைப்பதற்காக அமைத்த சக்கரத்துக்குத்தான் ட்ரெட்மில் என்று பெயர். தண்டனையை தவணையில் வாங்க மனசு வரவில்லை.

அப்படித்தான் எலிப்டிகல் ட்ரெய்னரிடம் வந்து சேர்ந்தேன். கடையில் 'கிராஸ் ட்ரெய்னர்' என்று கேட்டாலும் எடுத்துக் காட்டுவார்கள். மாடிப்படிக்கும் சைக்கிளுக்கும் பிறந்த குழந்தை என்று வையுங்கள். இரண்டு பெடல், இரண்டு நீளக் கைப்பிடி. பாதம் பெடலை விட்டு எழும்பாமலே நீள்வட்டமாகச் சுற்றி வரும். தரையில் மோதும் வேலையே இல்லை. முழங்காலுக்கும் ஹெட்மாஸ்டருக்கும் நிம்மதி. 1995-ல் அமெரிக்காவின் ப்ரீகோர் கம்பெனி உடற்பயிற்சிக் கூடங்களுக்காகக் கொண்டுவந்த மெஷின்தான் இதைப் பிரபலமாக்கியது.

நான் பி.காம். கடைக்குப் போகுமுன் காஸ்டிங் போட்டுப் பார்ப்பது ரத்தத்தில் ஊறியது. (சர்க்கரையோடு சேர்ந்துதான்.) பதினோராயிரத்துக்கு ஒன்று, முப்பத்தெட்டாயிரத்துக்கு ஒன்று என்று பார்த்து வைத்திருந்தேன். மலிவானதை வாங்கிப் பத்தே நாள் ஏறினால், ஏறுவதற்கு ஒரு தடவைக்கு 1,100 ரூபாய். விலை ஜாஸ்தியானதில் வருஷத்துக்கு 250 நாள், மூன்று வருஷம் ஏறினால் தடவைக்கு 51 ரூபாய் கூட ஆகாது. ஆக, கேள்வி எந்த மெஷின் என்பதல்ல. எதில் நான் ஏறுவேன்?

அப்பாவும் கூட வருவேன் என்றார். கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கராக இருந்தவர். விலை பேசும் இடத்தில் அவர் இருப்பது நல்லது.

சேல்ஸ்மேன் தம்பி நேராக மலிவு மெஷினிடம் அழைத்துப் போனான். "சார், இதுல ப்ளூடூத் இருக்கு. கலோரி காட்டும்." ஏறினேன். அது என் எடையைக் கேட்கவில்லை, வயசைக் கேட்கவில்லை. மூன்றே நிமிஷத்தில் 60 கலோரி எரித்துவிட்டதாகப் பாராட்டியது. கல்யாண வீட்டில் 'இளைச்சுட்டீங்களே' என்பார்களே, அந்த வகை உபசாரம்.

அதைவிடப் பெரிய சங்கடம், நடை. ஒரு பெடலுக்கும் இன்னொரு பெடலுக்கும் எவ்வளவு எட்டு வைக்க முடியும் என்பதை 'ஸ்ட்ரைட்' என்கிறார்கள். அதில் 12 இன்ச். நான் ஐந்தடி பத்து அங்குலம். முதல் தடவை வேட்டி கட்டியவன் பந்திக்கு ஓடுவதுபோல் குட்டிக் குட்டியாகத் தத்த வேண்டியிருந்தது. ஐந்து நிமிஷத்தில் இடுப்பு கேள்வி கேட்டது. பக்கத்தில் இருந்த 18 இன்ச்சில் ஏறியதும் காலை வீசி நடக்கிற மாதிரி இருந்தது. உயரமான ஆசாமிகள் இந்த ஒரு விஷயத்தை மறக்காதீர்கள்.

அடுத்தது சக்கரம். உள்ளே ஃப்ளைவீல் என்று ஒரு கனமான உருளை சுற்றுகிறது. கனம் இருந்தால் ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும். இல்லாவிட்டால் மேட்டில் மாட்டு வண்டி ஏறுவதுபோல ஒவ்வொரு சுற்றிலும் திக்கும். மலிவில் சக்கரத்தைப் பட்டை கட்டி இழுத்துப் பிடிக்கிறார்கள். பட்டை தேயும், கத்தும். மற்றதில் காந்தம். தொடாமலே பிடிக்கும், சத்தமில்லை.

"சார், ரெண்டு நிமிஷம் போதும் சார், எறங்குங்க" என்றான் தம்பி. நான் இறங்கவில்லை. பத்து நிமிஷம் ஓட்டினேன். இரண்டு நிமிஷத்தில் எல்லா மெஷினும் நல்ல மெஷின்தான்.

வியர்த்து வடிந்து இறங்கியபோது அப்பா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வலது காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றியிருந்தார். அந்தக் காலில் நாலு விரல்தான். 2019-ல் செருப்புக்குள் ஒரு பொடிக்கல். நாள் முழுக்க அதன் மேலேயே நடந்திருக்கிறார். சர்க்கரையில் மரத்துப் போன பாதம், குத்தியதே தெரியவில்லை. சாயந்திரம் வாசலில் ரத்தத் தடத்தைப் பார்த்து நான்தான் கத்தினேன். இரண்டு மாசம் கழித்துக் கட்டைவிரலை எடுத்தார்கள்.

அவருக்கும் என் வயசில் டாக்டர் 'நடங்க' என்று சொன்னாராம். "குடோனுக்கும் சீட்டுக்கும் நடக்கறேனேன்னு சொல்லிட்டேன்டா" என்பார், ஏதோ சில்லறை பாக்கியைப் பற்றிப் பேசுவதுபோல.

தம்பி இதய வேகம், பன்னிரண்டு புரோகிராம் என்று ஒப்பித்துக்கொண்டிருந்தான். அப்பா கேட்டார்: "ரிப்பேர்னா வீட்டுக்கு ஆள் வருவாங்களா? உதிரி பாகம் இங்கயே கிடைக்குமா?" தம்பி முழித்தான். மேனேஜர் வந்து எழுதிக் கொடுத்தார். விலையில் இரண்டாயிரம் குறைந்தது. என் காஸ்டிங்கில் இல்லாத கேள்விகள்.

இடம்? மனைவி ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள், பெட்ரூமில் பரணுக்குக் கீழே. பரண் ஏழடி உயரத்தில் இருக்கிறது. பெடல் மேலே வரும்போது என்னை ஒன்றேகால் அடி தூக்குகிறது. நான் ஐந்தடி பத்து அங்குலம். கூட்டிப் பாருங்கள். நான் கூட்டவில்லை. தலை கூட்டிச் சொன்னது. பிறகு ஹாலுக்கு மாற்றி, ஃபேன் இறக்கைக்கும் எனக்கும் எவ்வளவு இடைவெளி என்று டேப் வைத்து அளந்தோம். வாங்குவதற்கு முன்பே நீங்கள் அளந்துவிடுங்கள்.

மெஷின் அறுபது கிலோ. இரண்டாவது மாடிக்கு இரண்டு பேர் தூக்கி வந்து, மூன்று மணி நேரம் முடுக்கினார்கள். கடைசியில் இரண்டு போல்ட் மிச்சம். "எக்ஸ்ட்ரா சார்" என்றார்கள். நம்பித்தான் ஏறுகிறேன்.

ஏழு மாசம் ஆகிறது. மனைவி அதில் ஒரு துண்டைக் காயப்போட்டாள், உண்மை. அப்பா எடுத்து மடித்து வைத்துவிட்டார். காலை ஆறு மணிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார், மடியில் பழைய டைரி. தேதி, நிமிஷம், வாரக் கூட்டல். கணக்கர் கையெழுத்து, அடித்தல் திருத்தல் கிடையாது. மூன்று மாசத்துக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டில் 5.9. ஸ்டார் இன்னும் இருக்கிறது.

இன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரமே இறங்கி, "25 நிமிஷம்ப்பா, எழுதிக்குங்க" என்றேன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டிஸ்ப்ளேயை எட்டிப் பார்த்தார்.

"இதுல இருபத்தொண்ணுன்னுதானே இருக்கு? ஏறு."