வரிப் பணமும் வாயற்றோரும்

நாட்டை ஆள்வோரைப் பற்றிப் பேசுவதில் நம் எல்லோருக்கும் ஆர்வம் உண்டு. தலைநகரில் அமைச்சரவை மாறினால் திண்ணைதோறும் அதே பேச்சு. ஆனால், தெருக் குப்பையை அள்ளுவதும், தள்ளாத முதியவருக்குத் துணை அனுப்புவதும், வீடிழந்த குடும்பத்துக்கு ஒரு கூரை தேடித் தருவதும் எந்த மன்றத்தின் கடமையோ, அந்த மன்றத்தைப் பற்றி நாம் பேசுவது அரிது. பேசினாலும், 'வரியைக் கூட்டிவிட்டார்கள்' என்ற முணுமுணுப்போடு பேச்சு முடிந்துவிடும். வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் அரசே நம் கவனத்துக்கு மிகத் தொலைவில் இருக்கிறது!

தென்கடற்கரையில் பிறந்த நான் கிழக்கு லண்டனில் குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. வந்த புதிதில் என்னை வியப்பில் ஆழ்த்திய செய்தி ஒன்று உண்டு. இந்தியக் குடியுரிமையை விடாமலே இங்குள்ள நகர மன்றத் தேர்தலில் நான் வாக்களிக்கலாம் என்பதே அது. சட்டப்படி இங்குக் குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டினருக்கு அந்த உரிமை உண்டு. இலங்கையிலிருந்து வந்த தமிழருக்கும் அவ்வாறே. அந்நியன் என்று ஒதுங்கி நிற்க எனக்கு வழியில்லாமற் போயிற்று. உரிமை வந்த பின் பொறுப்பும் வந்துவிடுகிறதல்லவா?

லண்டன் மாநகரம் 32 'பரோ'க்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இன்றுள்ள இந்த அமைப்பு 1965-இல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பரோவுக்கும் தனி நகர மன்றம் உண்டு. வீட்டு வரி விதிக்கும் அதிகாரமும் உண்டு. அந்த வரி, வீட்டின் 1991-ஆம் ஆண்டு மதிப்பை அடிப்படையாகக் கொண்டது. வரி ரசீதைக் கையில் எடுப்பவர், பணமெல்லாம் சாலைக்கும் குப்பை வண்டிக்கும் தெருவிளக்குக்குமே போவதாக எண்ணுகிறார். உண்மை வேறு. மன்றம் தன் பணிகளுக்குச் செலவிடும் பணத்தில் பெரும்பங்கு, எழுந்து நடமாட இயலாத முதியோர், ஊனமுற்றோர், பெற்றோரால் காக்கப்படாத குழந்தைகள் ஆகியோரின் பராமரிப்புக்கே செல்கிறது. இவற்றைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. வரவும் செலவும் சரிக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதும் சட்டம். ஆகவே பணமுடை வரும்போது கத்தரிக்கோல் எங்கே பாய்கிறது? சட்டத்தின் காவல் இல்லாத இடங்களில்: இளைஞர் மன்றம், பூங்கா, முதியோர் பகல் நேரத்தில் கூடிப் பேசி உண்ணும் இல்லம்.

இங்கேதான் கட்சி அரசியல் குறுக்கிடுகிறது. தேர்தல் வந்ததும் கதவிடுக்கில் வண்ண வண்ணத் துண்டறிக்கைகள் விழுகின்றன. ஒரு கட்சி வரியை உயர்த்த மாட்டோம் என்கிறது. இன்னொன்று நடைபாதையைச் செப்பனிடுவோம் என்கிறது. மூன்றாவது, வண்டி நிறுத்தும் கட்டணத்தை ஒழிப்போம் என்கிறது. இவையெல்லாம் வாக்களிக்கப் போகிறவர்களின் குறைகள். லண்டன் பரோ தேர்தல்களில் 2018-இலும் 2022-இலும் வாக்காளர் பத்துப் பேரில் நால்வருக்கும் குறைவானவர்களே வாக்களித்தனர். ஆக, சாவடிக்கு வருகிற சிலரின் விருப்பமே மன்றத்தின் முதற்கடமையாகிவிடுகிறது. வர இயலாதவனின் தேவையைத் துண்டறிக்கையில் தேடினால் கிடைப்பதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான வட்டங்களில் மூன்று உறுப்பினரை ஒரே நாளில் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிக வாக்குப் பெற்ற மூவருக்கு வெற்றி. ஒரு கட்சியின் கை சற்று ஓங்கினால் மூன்று இடமும் அதற்கே போய்விடும். கிழக்கு லண்டனின் நியூஹாம் பரோவில் 2010-இலும் 2014-இலும் இருந்த 60 இடங்களையும் தொழிற்கட்சியே வென்றது. எதிர்த்துக் கேள்வி கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லை. இத்தகைய மன்றங்களில் உண்மையான விவாதம் பொதுமக்கள் பார்க்கும் அவையில் நடப்பதில்லை. அதற்கு முன்பே, ஆளும் கட்சியின் குழுக் கூட்டத்தில், மூடிய கதவுகளுக்குப் பின்னே நடந்து முடிந்துவிடுகிறது.

இதை நானே ஒருமுறை கண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் வட்டத்தில் இருந்த முதியோர் பகல்நேர இல்லத்தின் நாட்களைக் குறைக்கப் போவதாகச் செய்தி வந்தது. எங்கள் பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவர் தனியே வாழ்ந்து வந்தார். கணவர் மறைந்து விட்டார், பிள்ளைகள் கனடாவில். வாரத்தில் ஐந்து நாளும் அவர் மனித முகம் பார்த்துத் தமிழ் பேசியது அந்த இல்லத்தில்தான். மன்றம் கூடும் மாலையில் அவரையும் அழைத்தேன். "எப்படித் தம்பி வாறது? ஏழு மணிக்கு என்னைப் படுக்க வைக்கிற பிள்ளை வந்திடும். நீங்கள் போய் எனக்காகவும் ஒரு சொல் சொல்லுங்கோ" என்றார்.

பார்வையாளர் பகுதி நிரம்பியிருந்தது. ஆனால் வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வண்டி நிறுத்தும் கட்டணத்தை எதிர்த்து வந்தவர்கள். முதியோர் இல்லத்துக்காக வந்தவர்கள் எங்களோடு சேர்த்து ஐந்து பேர். முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்த என் கேள்விக்கு மரியாதையாக விடை சொன்னார்கள். பிறகு கைகள் உயர்ந்தன. இல்லம் வாரம் மூன்று நாளாயிற்று. படிக்கட்டில் ஆளும் கட்சி உறுப்பினர் ஒருவர் என்னிடம், "எனக்கும் மனமில்லை ஐயா. குழுவில் பேசிப் பார்த்தேன், தோற்றுவிட்டோம்" என்றார். அவர் நல்லவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் பேசிய சொற்களை நாங்கள் எவரும் கேட்கவில்லை. கேட்ட இடத்திலோ அவர் கை வேறு திசையில் உயர்ந்தது.

எங்கள் பகுதிக்குச் சற்று மேற்கே பாப்லர் என்ற ஊர் இருக்கிறது. கப்பல் துறைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த ஊர். ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பங்கள் மிகுந்த ஊர். அக்காலத்தில் அது ஒரு தனிப் பரோ. 1919-இல் அங்குள்ள 42 இடங்களில் 39-ஐத் தொழிற்கட்சி வென்றது. அங்கும் ஏறக்குறைய ஒரே கட்சியின் ஆட்சிதான். ஆனால் அவர்கள் முதற்கடமையாக எதை வைத்தார்கள் என்பதே கவனிக்கத்தக்கது.

போருக்குப் பின் வேலையின்மை பெருகியிருந்தது. அக்காலச் சட்டப்படி ஏழைகளுக்கு உதவும் சுமை பெரும்பாலும் அந்தந்தப் பகுதியின் தலையிலேயே விழுந்தது. செல்வர் வாழும் மேற்குப் பகுதியில் வீடுகளின் மதிப்பு அதிகம். சிறு வரி போட்டாலே பெரும்பணம் சேரும். உதவி கேட்கும் ஏழைகளோ குறைவு. பாப்லரில் நேர்மாறு. ஏழையைக் காக்க ஏழையே மேலும் மேலும் வரி கட்ட வேண்டும். இதற்கு மேல், லண்டன் முழுமைக்குமான மாவட்ட மன்றத்துக்கும் காவல்துறைக்கும் பாப்லர் தன் பங்கைச் செலுத்தியாக வேண்டும்.

1921-இல் பாப்லர் மன்றம் ஒரு முடிவெடுத்தது. ஏழைகளின் உதவியை நிறுத்தவும் மாட்டோம். அவர்கள் முதுகில் மேலும் வரியை ஏற்றவும் மாட்டோம். லண்டனுக்குச் செலுத்த வேண்டிய பங்கைத் திரட்ட மறுப்போம் என்பதே அம்முடிவு. ஜூலை 29-ஆம் நாள் உறுப்பினர்கள் ஊர்வலமாக நடந்தே உயர்நீதிமன்றம் சென்றார்கள். செப்டம்பரில் ஜார்ஜ் லான்ஸ்பரி உள்ளிட்ட 30 உறுப்பினர்கள் சிறை சென்றனர். ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறைக்கு, பெண்கள் ஹாலோவே சிறைக்கு. நெல்லி கிரசால் என்ற பெண் உறுப்பினர் அப்போது கருவுற்றிருந்தார். ஜான் ஸ்கர், ஜூலியா ஸ்கர் தம்பதியர் இருவருமே சிறையில் இருந்தனர். மன்றக் கூட்டங்கள் பிரிக்ஸ்டன் சிறையிலேயே நடந்தன. பெண் உறுப்பினர்களை அங்கே அழைத்து வந்தார்கள்.

எல்லோரும் இதைப் பாராட்டவில்லை. அண்டைப் பரோவான ஹாக்னியின் மேயர் ஹெர்பர்ட் மாரிசன் அதே தொழிற்கட்சியைச் சேர்ந்தவர். சட்டத்தை மீறினால் நாட்டை ஆளத் தகுதியற்றவர்கள் என்ற பெயர் கட்சிக்கு வந்துவிடும் என்று அவர் அஞ்சினார். ஸ்டெப்னியும் பெத்னல் கிரீனுமோ பாப்லர் வழியில் செல்லத் தீர்மானித்தன. ஒரே கட்சிக்குள் இருந்த இந்த வேற்றுமை மூடிய அறையில் புதையாமல் ஊரறிய வெளிப்பட்டது.

அக்டோபர் 12-ஆம் நாள் அவர்கள் விடுதலையாயினர். அதே ஆண்டில் ஏழைகளுக்கான செலவின் பெரும்பகுதியை லண்டன் முழுவதும் பங்கிட்டுக் கொள்ளும் சட்டம் நிறைவேறியது. விலையும் கொடுத்தார்கள். லான்ஸ்பரியின் மருமகள் மின்னி, 1922 ஜனவரி முதல் நாளன்று, 32-ஆம் வயதில் நுரையீரல் அழற்சியால் மாண்டார். ஆண், பெண் வேறுபாடின்றி மன்றத் தொழிலாளருக்கு வாரம் 4 பவுன் அடிப்படைக் கூலி கொடுத்ததும் பெருங்குற்றமாக்கப்பட்டது. அக்கூலி வரம்பு மீறியதென்று 1925-இல் நாட்டின் மிக உயர்ந்த நீதிபீடம் தீர்ப்பளித்தது.

ஜான் ஸ்கர் கத்தோலிக்கர். பின்னாளில் பாராளுமன்ற உறுப்பினரானார். 1931-இல் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு நிதி உறுதியாகும் வரை தம் கட்சி அரசின் கல்வி மசோதா நடைமுறைக்கு வரக்கூடாதென்று திருத்தம் கொண்டு வந்து, அதில் வெற்றியும் பெற்றார். கட்சி வேண்டும், ஆயினும் கட்சி மனச்சான்றின் எசமான் அன்று என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

ஏழைகள்பால் அன்பிருந்தால் கணக்குத் தேவையில்லை என்று இதிலிருந்து எவரும் முடிவு கட்ட வேண்டாம். தெற்கு லண்டனின் கிராய்டன் மன்றம் 2020 நவம்பரில், வரவுக்குள் செலவை அடக்க இயலவில்லை என்று அறிவிக்க நேர்ந்தது. கடன் வாங்கி நிலத்திலும் கட்டடத்திலும் முடக்கிய பணம் அதற்கு ஒரு காரணம். சட்டம் கட்டாயப்படுத்தும் பணிகளைத் தவிரப் புதிய செலவுகள் நிறுத்தப்பட்டன. கணக்குப் பிழைத்தால் முதலில் அடிபடுகிறவனும் ஏழையே. பாப்லர் உறுப்பினர்கள் வரவு செலவு அறியாதவர்கள் அல்லர். சுமையை யார் எவ்வளவு சுமக்கிறார் என்று கணக்குப் போட்டுப் பார்த்ததனாலேயே அவர்கள் போராடினார்கள்.

அன்பார்ந்த வாசகர்களே, நீங்கள் எந்த ஊரில் வாழ்ந்தாலும் உங்கள் வட்டத்துக்கும் ஓர் உறுப்பினர் உண்டு. ஆண்டுதோறும் ஒரு வரவு செலவுத் திட்டமும் உண்டு. வாக்குக் கேட்டு வருகிறவரிடம் நம் தெருவுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்பது இயல்பே. அத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்: "பணம் போதாத ஆண்டில் யாருக்கு உரியதை முதலில் குறைப்பீர்கள்?" இக்கேள்விக்குத் துண்டறிக்கையில் விடை இராது, அவர் சிந்தித்தே சொல்ல வேண்டும். கட்சிக் கூட்டத்தில் அவர் என்ன பேசினார் என்பதையும் கேளுங்கள். தேர்தலுக்குப் பிறகும் ஆண்டுக்கு ஒரு மாலையேனும் மன்றத்தின் பார்வையாளர் பகுதியில் சென்று அமருங்கள். உங்களுக்காக மட்டுமன்று, வர இயலாத ஒருவருக்காகவும் செல்லுங்கள். நாம் செலுத்தும் வரி, நாம் பெயரறியாத ஒருவரின் கஞ்சியாகவும் போர்வையாகவும் மாறுகிறது. அது அவரிடம் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதும் அயலாருக்கு நாம் செய்யும் பணியே.