கடல் உள்ளே வராதவரை

சிப்பிகாட் என்று என் ஊரின் பெயரைச் சொன்னால், விடுதித் தோழியர் சிலர், "முத்துக் குளிக்கும் ஊரோ?" என்று கேட்கின்றனர். முத்தும் இல்லை, குளிப்பாரும் இல்லை. தென் அந்தமானில், போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற நகரிலிருந்து வண்டூருக்குச் செல்லும் சாலையில் உள்ள சிற்றூர் அது. தென்னையும் மிளகும் கிராம்பும் வளரும் அரசுப் பண்ணை ஒன்று அங்கு உண்டு. சாலையோரத்தில், வானத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கும் நீர்வெளியும் உண்டு. அந்த நீர்வெளி முன்பு நெல்வயல்.

மன்ற மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, "என் பாடத்தைப் பற்றித் தமிழில் எழுதினால் யார் படிப்பார்கள்?" என்றேன். "உங்கள் பாட்டிக்குச் சொல்வதுபோல எழுதுங்கள்" என்றார் அவர். அவர் அறியாமல் சொன்ன சொல் அது. என் அப்பத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் இருந்துவிட்டவள் நான். ஆகவே இக்கட்டுரையில் அறிவியலும் உண்டு. என் குற்றமும் உண்டு.

என் தாத்தா இராமநாதபுரம் பக்கத்திலிருந்து மராமத்து இலாகாவில் கூலி வேலைக்காக அந்தமானுக்குக் கப்பலேறியவர். பின்னால் வந்த அப்பத்தா, மடியில் சில விதைகளையும் பனங்கொட்டை நான்கையும் முடிந்துகொண்டு வந்தாளாம். முருங்கை பிடித்தது, அவரை படர்ந்தது, பனை மட்டும் வரவில்லை. "விதை நல்ல விதைதான், தாயி. மண்ணு ஒத்துக்கலை" என்பாள். இங்கிலாந்தின் மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889இல் இதே கருத்தை எழுதி உலகப் புகழ் பெற்றார் என்பது எனக்குக் கல்லூரிக்கு வந்த பின்னரே தெரிந்தது. அதற்குப் பின்னர் வருகின்றேன்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது நான் நடை பழகும் குழந்தை. அலை வந்தது, போயிற்று. ஆனால் நீர் போகவில்லை. நிலநடுக்கத்தால் தென் அந்தமானின் நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது. அதன் பின், கடல் ஏறும்போதெல்லாம் உப்புநீர் வயலுக்குள் வந்தது. நாற்று நட்ட இடத்தில் இன்று கொக்குகள் நிற்கின்றன. அப்பத்தா அந்த நீரைப் பார்த்துக்கொண்டே ஒரு நாள் சொன்னாள்: "கடல் என்னைக்கும் அங்கேதானே இருந்துச்சு. உள்ளே வராத வரைக்கும் நாம பொழச்சோம்."

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, அவளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினேன். முதுகு தேய்க்கும்போது மார்பின் ஓரத்தில் என் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவு, கல்லைப்போல் இருந்தது. "என்ன அப்பத்தா இது?" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லை. வலிக்கவே இல்லை. உங்க அப்பன்கிட்ட சொல்லிப்புடாதே, தாயி. வெக்கக்கேடு." நான் சொல்லவில்லை. எட்டு மாதம் சொல்லவில்லை. வலிக்காத ஒன்று கொல்லும் என்று எனக்கு அப்போது தெரியாது.

பிறகு புண்ணாகித் தெரிந்தது. கப்பலில் மூன்று நாள் பயணம் செய்து சென்னைக்குக் கொண்டுசென்றார்கள். ஒரு மருத்துவமனையில் கட்டியை அறுத்து எடுத்தார்கள். ஊர் திரும்பிய அப்பத்தா, கீரை ஆய்ந்தாள், கோழிகளைத் திட்டினாள், எல்லாம் முடிந்தது என்று மகிழ்ந்தோம். இரண்டாண்டு கழித்து முதுகு வலித்தது. படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், முதுகெலும்பில் பரவிவிட்டது என்றார். "கட்டியைத்தான் எடுத்துவிட்டார்களே! எடுத்த பிறகு எது பரவும்?" என்று கேட்டேன். என் வாழ்க்கையை இந்தப் பல்கலைக்கழகம்வரை இழுத்து வந்தது அந்தக் கேள்விதான்.

நண்பர்களே, புற்றுநோயால் இறப்பவருள் பெரும்பாலோரைக் கொல்வது முதலில் தோன்றிய கட்டி அன்று. அங்கிருந்து பிரிந்து சென்று எலும்பிலும் நுரையீரலிலும் ஈரலிலும் மூளையிலும் வேரூன்றும் அணுக்களே கொல்கின்றன. கட்டியை அறுத்தெடுக்கும் முன்பே அவற்றுள் சில புறப்பட்டுப் போயிருக்கலாம். எங்கோ ஓர் எலும்பின் மூலையில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கலாம். அன்று என் கேள்விக்கு இதுவே விடை.

ஆனால் இப்பயணம் எளிதன்று. புற்றணு தன் கூட்டத்தை விட்டு நழுவ வேண்டும். குருதிக் குழாயின் சுவரைத் துளைக்க வேண்டும். ஓட்டத்தில் நசுங்காமல் பிழைக்க வேண்டும். வேற்றிடத்தில் வெளியேறி, அந்த மண்ணில் முளைக்க வேண்டும். 1970இல் ஐசாயா ஃபிட்லர் என்பவர் எலிகளின் குருதியில் புற்றணுக்களைச் செலுத்தி எண்ணிப் பார்த்தார். ஒரு நாள் கழித்து உயிரோடு இருந்தவை ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. பேஜட் சொன்னதும் இதுவே. மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் பார்த்த அவர், நோய் கண்ட இடத்திலெல்லாம் பரவுவதில்லை, சில உறுப்புகளையே நாடுகின்றது என்று கண்டார். புற்றணு விதை என்றால் உறுப்பு மண்; மண் ஏற்றால்தான் விதை முளைக்கும் என்றார். என் அப்பத்தாவின் பனங்கொட்டை!

இங்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பாடநூல்கள் இவ்வணுக்களைக் குடியேறிகள் என்கின்றன. முதன்முதல் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நாங்களும் குடியேறியவர்களே. ஆனால் என் அப்பத்தா வந்த மண்ணுக்கு உழைத்தாள். புற்றணுவோ சென்ற மண்ணை உண்கின்றது. ஆகவே அச்சொல்லை நான் எழுதுவதில்லை. பரவுதல் என்றே எழுதுகின்றேன்.

இனி, என் மனத்தைக் கவர்ந்த செய்திக்கு வருகின்றேன். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பணியாற்றிய பட்ரீசியா ஸ்டீக் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும், எலியின் தோற்புற்று அணுக்களில் இரு வகையை ஒப்பிட்டனர். ஒரு வகை மிகுதியாகப் பரவும். மற்றொரு வகை அவ்வளவாகப் பரவாது. பரவாத வகையில் ஒரு மரபணு உரக்கப் பேசிக்கொண்டிருந்தது. பரவும் வகையில் அதன் குரல் தாழ்ந்திருந்தது. 1988இல் அதனை வெளியிட்டு, என்.எம்.23 என்று பெயரிட்டனர். பரவாதது, இருபத்து மூன்றாம் எண் என்பதே அதன் பொருள். பின்னர் அதனைப் பரவும் அணுக்களுக்குள் புகுத்திப் பார்த்தபோது, பரவுதல் குறைந்தது. பரவுதலை அடக்கும் மரபணு என்று ஒன்று உண்டு என்பது அன்றுதான் தெளிவாயிற்று.

இதில் வியப்பு யாதெனில், இத்தகைய மரபணுக்கள் கட்டியை வளரவிடாமல் தடுப்பவை அல்ல. அவ்வேலைக்கு வேறு மரபணுக்கள் உண்டு. இவை, கட்டி இருக்கும் இடத்தில் இருந்துகொள்ளட்டும், எல்லை தாண்டக் கூடாது என்று காக்கின்றன. கடல் அங்கேதான் இருக்கும். வயலுக்குள் வராதவரை பிழைப்போம்.

1995இல் சுக்கிலச் சுரப்பிப் புற்றில் கே.ஏ.ஐ.1 கண்டறியப்பட்டது. 1996இல் டேனி வெல்ச் குழுவினர் கிஸ்1 என்பதைக் கண்டனர். அவர்கள் ஆய்வுக்கூடம் பென்சில்வேனியாவில் ஹெர்ஷி என்னும் ஊரில் இருந்தது. அவ்வூரின் சாக்லேட்டாகிய ஹெர்ஷி கிஸ்ஸசின் நினைவாகவே அப்பெயர்! பரவும் தோற்புற்று அணுக்களில் ஆறாம் எண் குரோமோசோமைப் புகுத்தினார்கள். அவை பரவாமல் நின்றன. அப்படியானால் காவல் மரபணு ஆறாம் குரோமோசோமில்தான் இருக்க வேண்டும் என்று தேடினார்கள். அது இருந்ததோ ஒன்றாம் குரோமோசோமில்! முதலிலிருந்தே அணுவுக்குள் இருந்தது; வாய் மூடிக் கிடந்தது. ஆறாம் குரோமோசோமிலிருந்து வந்த ஏதோ ஒன்று அதைத் தட்டி எழுப்பியது.

பிற்கால ஆய்வுகளில் மற்றொன்றும் தெரிந்தது. கிஸ்1 விழித்திருக்கும் அணுக்கள் எலியின் நுரையீரல்வரை போய்ச் சேர்கின்றன. ஆனால் அங்கே பெருகாமல் உறங்கிவிடுகின்றன. காவல் வாயிலில் மட்டும் இல்லை. சென்று சேரும் இடத்திலும் உண்டு.

இம்மரபணுக்கள் பெரும்பாலும் உடைந்து போவதில்லை, தொலைந்து போவதில்லை. மௌனமாகிவிடுகின்றன. இவ்வரியை நான் நூலகத்தில் படித்த அன்று, புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து மரத்தடியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். குளியலறையில் என் கையைப் பிடித்த அந்தக் கை நினைவுக்கு வந்தது. எட்டு மாதம் முன்னரே சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா? உறுதியாகச் சொல்ல அறிவியல் துணியாது. ஆனால் பேசியிருக்க வேண்டியவள் பேசாதிருந்தாள் என்பது மட்டும் உறுதி.

மௌனமானதை எழுப்பினால் நோய் நிற்குமா? முயன்றிருக்கின்றார்கள். ஒரு ஹார்மோன் மருந்து ஆய்வுக்கூடத்திலும் எலிகளிலும் என்.எம்.23ஐ எழுப்பியது, நோயாளிகளிடம் சிறு அளவில் சோதித்தபோது பெரும்பயன் கிட்டவில்லை. குழந்தைகளுக்கு வரும் நரம்பணுப் புற்று ஒன்றில் அதே என்.எம்.23 மிகுந்திருப்பது நோயின் கடுமைக்கு அடையாளமாகின்றது. ஓரிடத்துக் காவலன் வேறோரிடத்தில் காவலன் அல்லன். எனவே, மருந்து நாளை வந்துவிடும் என்று இப்பக்கத்தில் நான் எழுதமாட்டேன்.

இதையே அப்பத்தாவிடமும் சொன்னேன். நான் பட்டப்படிப்பில் சேர்ந்திருந்த முதல் விடுமுறை. படுக்கையோடு கிடந்தாள். "நீ படிக்கிற படிப்பு என் நோவுக்கு மருந்து சொல்லுமா, தாயி?" என்றாள். "இல்லை அப்பத்தா. இன்னும் இல்லை" என்றேன். "மொத மொதல்ல உண்மையைச் சொல்லிட்டே" என்று சிரித்தாள். பிறகுதான் அழுதுகொண்டே கேட்டேன்: "அன்றைக்கே அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும், இல்லையா?" அவள் என் தலையைத் தடவினாள். "நான்தானே வாயைப் பொத்தினேன். உன் மேல என்ன குத்தம்?" என்றாள். நான்கு மாதத்தில் மறைந்தாள். அவள் மன்னித்தாள் என்பது எனக்கு ஆறுதல். ஆனால் விடை ஆகாது.

தமிழ்நாட்டில் இம்மௌனத்தை முன்பே உடைத்தவர்கள் பெண்கள். தங்கை புற்றுநோயால் துடித்து மாண்டதைக் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அங்கு சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை, தொடக்கத்திலேயே கண்டறியுங்கள் என்பதை ஓயாமல் சொல்லிவந்தார். மரபணுவை எழுப்ப நமக்கு இன்னும் தெரியவில்லை. நாவை எழுப்ப அன்றே வழி சொல்லிவிட்டார்கள்.

தேர்வுகள் முடிந்து நாம் ஊருக்குப் புறப்படும் காலம் நெருங்குகின்றது. தோழியரே, உங்கள் அன்னையிடமும் பாட்டியிடமும் தனித்திருக்கும் வேளையில், உடம்பில் எங்கேனும் கட்டி உண்டா என்று கேளுங்கள். தோழர்களே, நீங்கள் கேட்கத் தயங்கினால் தமக்கையையோ தங்கையையோ கேட்கச் சொல்லுங்கள். "ஒன்றுமில்லை" என்று அவர்கள் சொல்லக்கூடும். "வலிக்கவில்லை" என்றும் சொல்லக்கூடும். அப்போது மறுபடியும் ஒரு முறை கேளுங்கள்.