நிழல் வந்து போன இரவு

என் பழைய லேப்டாப்பில் படம் பார்த்தால் திரையின் குறுக்கே ஒரு கிழிசல் தெரியும். கேமரா சட்டென்று திரும்பும் காட்சியில் கோட்டுக்கு மேலே ஒரு முகம், கீழே அதே முகம் சற்று விலகி. லினக்ஸில் நான் வைத்திருப்பது ஓபன்பாக்ஸ். ஜன்னல்களை நகர்த்துவதும் அடுக்குவதும்தான் அதன் வேலை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக்கித் தருவதற்கு காம்போசிட்டர் என்று தனி நிரல் வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது பிக்காம்.

டெர்மினலில் அதன் பெயரோடு, நிழலுக்கான மைனஸ் சி-யையும் தட்டினேன். திரை ஒருமுறை துடித்தது. ஜன்னல்களைச் சுற்றி மெல்லிய நிழல்! கண்ட்ரோல் சி அழுத்தினேன், நிழல் போய்விட்டது. மறுபடி தட்டினேன், வந்தது. அன்றிரவு இதையே எத்தனை முறை செய்தேனோ தெரியாது. பட்டனைத் தட்டி அமைத்திருந்தால் இவ்வளவு புரிந்திருக்காது.

காம்போசிட்டர் இல்லாதபோது எல்லா ஜன்னல்களும் ஒரே பலகையில் எழுதுகின்றன. ஒன்றின் மேல் இன்னொன்று வந்தால் அடியில் இருந்தது அழிந்தே போகும். மேலிருப்பதை விலக்கியதும், திரையை நிர்வகிக்கும் எக்ஸ் சர்வர் அடியிலிருந்த நிரலைக் கூப்பிட்டு "திரும்ப வரை" என்கிறது. 2004-இல் வந்த அதன் எக்ஸ்.ஆர்க் 6.8 பதிப்பில்தான் காம்போசிட் என்ற நீட்சி சேர்ந்தது. அதிலிருந்து ஒவ்வொரு ஜன்னலுக்கும் திரைக்கு வெளியே தனிப் பலகை வைக்க முடிந்தது. அந்தப் பலகைகளை அடுக்கி, நிழலும் ஒளிபுகும் தன்மையும் சேர்த்துத் திரைக்கு அனுப்புவதுதான் காம்போசிட்டர். கீத் பேக்கார்டு மாதிரிக்காக எழுதிய எக்ஸ்காம்ப்மெகர் என்ற சின்ன நிரலின் வழியில் காம்ப்டன் வந்தது, காம்ப்டனிலிருந்து பிக்காம்.

வீசின்க் என்ற தெரிவைச் சேர்த்ததும் கிழிசல் நின்றது. திரை தன்னைப் புதுப்பிக்கும் நேரத்துக்குப் பிக்காம் காத்திருந்து, முழுப் படத்தையும் ஒரே மூச்சில் மாற்றுகிறது.

ஆசை விடவில்லை. வரையும் வழியை எக்ஸ்ரெண்டரிலிருந்து ஜிஎல்எக்ஸுக்கு மாற்றிப் பார்த்தேன். முழுத் திரையும் கருப்பு. பாதி எழுதிய கடிதம் ஒன்று திறந்திருந்தது, சேமிக்கவில்லை. வயிறு கலங்கிவிட்டது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தி வேறொரு கன்சோலுக்குப் போனேன். உள்நுழைந்து பிக்காமை நிறுத்த 'பி-கில் பிக்காம்' என்று தட்டிவிட்டுத் திரும்பினால், கடிதம் விட்ட வரியிலேயே இருந்தது. வரைபவன் போனாலும் எக்ஸ் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது; எழுதியவை கடிதத்தைத் திறந்திருந்த நிரலிடம் பத்திரமாக இருந்தன.

எக்ஸுக்கு மாற்றாக 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்டில், சர்வர் வேறு காம்போசிட்டர் வேறு என்ற இந்தப் பிரிவினை கிடையாது. அங்கே காம்போசிட்டர்தான் சர்வரும். படம் கிழியாது, அமைப்பும் எளிது. ஆனால் அதைக் கொன்றால், அதை நம்பி ஓடும் ஜன்னல்களும் பெரும்பாலும் கூடவே போய்விடும். எதிர்காலம் அந்தப் பக்கம்தான் என்று தெரிந்தும் நான் இன்னும் நகரவில்லை.

மைனஸ் பி சேர்த்தால் பிக்காம் சத்தமில்லாமல் பின்னணிக்குப் போய்விடும். நான் சேர்ப்பதில்லை. காலையில் டெர்மினலைத் திறந்து, எக்ஸ்ரெண்டர், வீசின்க், மைனஸ் சி என்று கையாலேயே தட்டுகிறேன். நிழல் வந்து விழுவதைப் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்குகிறேன்.