சத்துவாச்சாரியும் ஆவாரம்பூவும்

வேலூர்க் கோட்டையைப் பார்த்துவிட்டுச் சென்னைச் சாலையில் கிழக்கே சிறிது தூரம் சென்றால் சத்துவாச்சாரி வந்துவிடும். ஜில்லா கலெக்டர் கச்சேரி இங்கேதான் இருக்கிறது. 2011-ல் இவ்வூர் வேலூர் மாநகராட்சியோடு இணைந்தது. ஒருபுறம் பாறைக் குன்றுகள். மறுபுறம் மணல் பரந்த பாலாறு.

இப்பக்கத்தில் நாம் காண விரும்பியது கோட்டையுமன்று, கச்சேரியுமன்று. மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடியைத்தான். தண்ணீர் விடுவாரின்றி வறண்ட நிலத்தில் வளர்வது அது. ஆவாரை பூத்த ஊரில் யமனுக்கு வேலையில்லை என்னும் பொருளில் ஒரு பழமொழியும் உண்டு. அதன் பட்டையிலுள்ள துவர்ப்பு, பச்சைத் தோலை அழுகவிடாமல் பதமாக்கும். ஆதலால் ஆங்கிலேயர் அதற்குத் 'தோல் பதனிடுவோர் கொன்றை' என்றே பெயரிட்டனர். ராணிப்பேட்டை முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரையிலுள்ள தோல் தொழிலுக்கு ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை முக்கியமான சரக்கு. பட்டை தொழிற்சாலைக்குப் போயிற்று. பூ நம் வீட்டு ஸ்நான அறைக்கு வந்தது.

தலைக்குத் தேய்க்கும் பொடியை நேயர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். சீயக்காய் 1 கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், பூலாங்கிழங்கு சிறிது ஆகியவற்றை வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். ஆவாரம்பூ இரண்டு கைப்பிடியை நிழலில் உலர்த்திச் சேர்த்து, மில்லில் அரைத்துச் சலித்து, ஈரம் படாத டப்பாவில் வைக்கலாம். வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்ப்பது வழக்கம். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது அவசியம். உடம்புக்கானால் சீயக்காயை விட்டுவிட்டு, பயறும் பூவும் கஸ்தூரி மஞ்சளும் போதும். எதையும் முதலில் முன்கையில் சிறிது பூசிப் பார்ப்பது நலம். இயற்கைப் பொருளும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. உப்பு மிகுந்த கடின நீரில் ஸோப்பு நுரைக்காது. வெள்ளையாகத் திரிந்து ஒட்டிக்கொள்ளும். சீயக்காய் நுரையோ அப்படித் திரிவதில்லை.

ஆனால் கிணற்று நீர் கெடுவதற்கு மண் மட்டுமா காரணம்? பட்டையில் பல வாரம் ஊறிய தோல், குரோமிய உப்பில் விரைவில் பதமாகிவிடுகிறது. அவசர உலகுக்கு அதுவே உகந்ததாயிற்று. பட்டைக் காலத்திலும் சுண்ணாம்பும் உப்பும் நாற்றமும் இருந்தன. எனினும் குரோமியத்தின் தொல்லை புதிது. 1996 ஆகஸ்டு 28-ல் பாலாற்று மாசு வழக்கில் ஸுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு, தோல் ஆலைகள் மிகுந்த இப்பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பயிரிடத் தகாததாகிவிட்டதைக் குறிப்பிட்டது. கெடுத்தவரே நஷ்டஈடு தரவேண்டும் என்றும் விதித்தது. 2025 ஜனவரியிலும் அதே கோர்ட்டு அதே ஆற்றைப் பற்றி மீண்டும் தீர்ப்புக் கூற நேர்ந்தது.

இத்தொழிலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. அவர்கள் அடுப்பும் எரியவேண்டும், ஆறும் பிழைக்கவேண்டும். நல்ல பொடியை நாம் வீட்டில் அரைத்துக்கொள்ளலாம். அதைக் கழுவிக்கொள்ள நல்ல தண்ணீரை எந்த வீட்டில் அரைப்பது?