ரிப்பன் ஊரில் பிறந்த ரதம்

லண்டனில் யூஸ்டன் ரயில் நிலையத்துக்குப் போய்க் கவென்ட்ரிக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். கையில் உள்ள பத்திரிகையைப் படித்து முடிப்பதற்குள், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஊர் வந்துவிடும். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால், "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றுதான் முதலில் தோன்றும். அது ஊரின் குற்றமல்ல. 1940 நவம்பர் 14-ஆம் தேதி இரவு ஜெர்மன் விமானங்கள் குண்டுமாரி பொழிந்து நகரத்தின் நடுப்பகுதியைத் தரைமட்டமாக்கிவிட்டன. பழைய தேவாலயத்தின் கூரையில்லாத சுவர்களை அப்படியே விட்டுவைத்து, அதை ஒட்டியே புதிய தேவாலயம் ஒன்றைக் கட்டி 1962-ல் பிரதிஷ்டை செய்தார்கள். இரண்டையும் அவசியம் பாருங்கள்.

ஆனால் நான் உங்களை அழைத்து வந்தது ஒரு மோட்டார் காரின் கதையைச் சொல்வதற்காக. மோட்டார் என்றதும் ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்! இந்தக் கதை ரிப்பனில் ஆரம்பித்துத் தையல் மெஷின் வழியாக வருகிறது.

ஒரு காலத்தில் கவென்ட்ரியில் வீட்டுக்கு வீடு பட்டு ரிப்பன் நெய்தார்கள். 1860-ல் பிரெஞ்சுப் பட்டு வரியில்லாமல் வந்து இறங்கியது; தறிகள் ஓய்ந்தன, குடும்பங்கள் தவித்தன. பிறகு ஜேம்ஸ் ஸ்டார்லி என்ற கெட்டிக்காரர் தையல் மெஷின் செய்யும் தொழிலை வளர்த்தார். சில வருஷங்களில் அதே பட்டறையில் சைக்கிளும் செய்தார்கள். சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிள், அதிலிருந்து கார். நூலைப் பிடித்துக்கொண்டே வந்த ஊர் கடைசியில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது!

இந்த ஊருக்கு 1928-ல் வந்து சேர்ந்தார் வில்லியம் லயன்ஸ். கடற்கரை ஊரான பிளாக்பூலில் பியானோ வியாபாரியின் பிள்ளை. 1922-ல், இருபத்தொரு வயது நிறைந்த கையோடு, வால்ம்ஸ்லி என்ற நண்பரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் மாட்டும் 'சைட்-கார்' தொட்டிகளைச் செய்து விற்றவர். இரண்டு தகப்பனார்களும் பாங்கியில் ஜாமீன் நின்று கிடைத்த 1,000 பவுன்தான் மூலதனம். கவென்ட்ரியில் அவர் செய்த கார்களுக்கு 'எஸ்.எஸ்.' என்று பெயர். யுத்தத்தில் அந்த இரண்டு எழுத்தும் ஹிட்லரின் படையை ஞாபகப்படுத்தவே, 1945-ல் கம்பெனியின் பெயரையே 'ஜாகுவார்' என்று மாற்றிக்கொண்டார்.

யுத்த காலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. குண்டு விழுந்து தீப்பிடித்தால் அணைப்பதற்காகத் தொழிற்சாலைக் கூரையில் இரவுக் காவல் இருக்க வேண்டும். லயன்ஸ் முறைப் பட்டியலைப் பார்த்து, தம் எஞ்சினீயர்கள் ஹெய்ன்ஸ், ஹாஸன், பெய்லி மூவரும் தம்மோடு ஒரே இரவில் காவல் இருக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டார். ஊர் இருண்டு கிடக்க, இவர்கள் விடிய விடிய, யுத்தம் முடிந்தபின் செய்யப்போகும் எஞ்சினைப் பற்றிப் பேசினார்கள். 1948-ல் உலகம் பார்த்த அந்த எக்ஸ்.கே. எஞ்சின் 1992 வரை ஏதாவது ஒரு காரில் ஓடிக்கொண்டிருந்தது என்றால், அந்தக் காவல் வீண் போகவில்லை.

லயன்ஸ் எஞ்சினீயர் அல்ல; படம் வரையவும் மாட்டார். அப்படியானால் காருக்கு உருவம் கொடுத்தது எப்படி? மரப்பட்டறைத் தலைவர் பிரெட் கார்ட்னர் மரச்சட்டம் கட்டுவார். அதன்மேல் தகட்டைத் தட்டிப் பொருத்துவார்கள். முழு அளவில் கார் நிற்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. லயன்ஸ் சுற்றிச் சுற்றி வந்து, "இங்கே கொஞ்சம் தணியட்டும், அங்கே கொஞ்சம் இழுங்கள்" என்பார். மறுபடி தட்டுவார்கள், மறுபடி பார்ப்பார். அதோடு விடமாட்டார். அந்தக் கூட்டை, ஊருக்கு வெளியே வாப்பன்பரி கிராமத்திலிருந்த தம் பங்களாவுக்குக் கொண்டுபோய் வாசலில் நிறுத்துவார். வீட்டு வாசலில், வெயிலில் நின்றால் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். வீட்டு அம்மாளின் அபிப்பிராயத்தையும் கேட்பார் என்று சொல்வார்கள். கடை விளக்கில் ஜொலித்த புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்க்கும் நமக்கு இந்த மனுஷரைப் புரிந்துகொள்வதில் சிரமமே இல்லை.

பெரிய வீட்டுப் பெண்மணிகளுக்கும் இவர் கார் பிடித்திருந்தது. எலிசபெத் ராணியின் தாயார் 1955-ல் ஒரு ஜாகுவார் வாங்கினார். பிறகு புது மாடல்கள் வந்தபோது காரை மாற்றவில்லை. பழைய காரையே புதிய மாடல் போலத் திருத்தி வாங்கிக்கொண்டார். பாட்டியின் ஒட்டியாணத்தை அழித்துப் புதுச் சங்கிலி செய்துகொள்வதுபோலத்தான்!

அதே 1955-ஆம் வருஷம்தான் லயன்ஸுக்கு இடி விழுந்தது. ஜூன் மாதம், பிரான்ஸில் லெ மான் பந்தயத்துக்குப் போகும் வழியில், அவருடைய ஒரே மகன் ஜான் சாலை விபத்தில் இறந்துபோனான். ஓட்டிப் போனதும் ஜாகுவார் கார்தான். அந்தப் பந்தயத்திலும் கோரம். கார் ஒன்று கூட்டத்தில் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஜெயித்தது ஜாகுவார். அந்தக் கோப்பையை எந்த மனத்தோடு அவர் பார்த்திருப்பார்!

1957 பிப்ரவரியில் பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கான கார்கள் நாசமாயின. அதிலிருந்து எழுந்துவிட்டார். ஆனால் தமக்குப் பின் யார் என்ற கேள்விக்கு வீட்டில் பதில் இல்லை. இரண்டு பெண்கள் இருந்தார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெண்ணிடம் தொழிற்சாலையை ஒப்படைக்கும் யோசனை யாருக்கு வந்தது? 1966-ல் கம்பெனியை வேறு பெரிய கம்பெனியோடு இணைத்துவிட்டார். அப்போது அவர் கையில் உருவாகிக்கொண்டிருந்த கார்தான் எக்ஸ்.ஜே. 6.

அந்தக் காரில் உட்கார்ந்தவர்கள் முதலில் வியந்தது அதன் நிசப்தத்தைத்தான். அதற்குக் காரணம் பாப் நைட் என்ற எஞ்சினீயர். பின்சக்கர அமைப்பு ஒன்றை ஒரு மாதத்துக்குள் செய்ய முடியாது என்று லயன்ஸ் அவரிடம் 5 பவுன் பந்தயம் கட்ட, நைட் 27-வது நாளில் செய்து காட்டினார் என்று கதை உண்டு. சத்தத்தை அவர் அடக்கிய விதம் சுலபமாகப் புரியும். தண்ணீர்க் குடம் தலையை உறுத்தாமலிருக்கச் சும்மாடு வைக்கிறோம் அல்லவா? அதுபோல, எஞ்சினும் சக்கரங்களும் காரின் உடலைத் தொடும் இடங்களிலெல்லாம் ரப்பரைக் கொடுத்தார். மேட்டிலும் பள்ளத்திலும் அடி வாங்குவது ரப்பர்தான்; உள்ளே இருப்பவருக்குச் செய்தி எட்டாது. டன்லப் கம்பெனி இந்தக் காருக்கென்றே அகலமான டயரைச் செய்து கொடுத்தது.

உள்ளே வால்நட் மரப்பலகை. ஒரே கட்டையிலிருந்து மெல்லிய ஏடுகளாகச் சீவி, புத்தகத்தை விரித்ததுபோல் பக்கத்தில் பக்கமாக ஒட்டுவார்கள். வலது பக்கம் உள்ள சுழி அச்சாக இடது பக்கமும் இருக்கும். ஆசனங்களுக்குத் தோல் தைத்தது யார் தெரியுமா? வரிசையாகத் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருந்த கவென்ட்ரிப் பெண்கள்! ஸ்டார்லியின் ஊரில் மெஷின் சத்தம் ஓயவேயில்லை.

1968 செப்டம்பர் 26-ஆம் தேதி கார் வெளிவந்தது. 67 வயது லயன்ஸ் தாமே டெலிவிஷன் விளம்பரத்தில் தோன்றி, தாம் செய்தவற்றில் இதுவே தலைசிறந்தது என்றார். ரோல்ஸ்-ராய்ஸ் விலையில் பாதிகூட இல்லை. ஆகவே மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். 1972-ல் அவர் ஓய்வு பெற்றார். அதன் பிறகு வேலையில் அசிரத்தை புகுந்து, துருவும் பழுதுமாகக் காரின் பெயர் கெட்ட வருஷங்களும் உண்டு. அப்படியும் 1992-க்குள் அந்த வடிவத்தில் சுமார் 4 லட்சம் கார்கள் ஓடின. 2008-ல் நம் டாட்டா கம்பெனி ஜாகுவாரை வாங்கியது. எக்ஸ்.ஜே. என்ற பெயர் 2019 வரை நிலைத்தது.

பிரவுன்ஸ் லேனில் 2005-ல் கார் செய்வது நின்றது. மரவேலைக் கூடம் மட்டும் இன்னும் கொஞ்ச காலம் இயங்கியது. இப்போது அங்கே போனால் வீடுகளும் காரியாலயங்களும் இருக்கின்றன. 'லயன்ஸ் பார்க்' என்று பெயர். காரைப் பார்க்க வேண்டுமானால் தெற்கே கெய்டன் கிராமத்திலுள்ள மோட்டார் காட்சிசாலைக்குப் போங்கள். ஊருக்குள்ளேயே இருக்கும் போக்குவரத்துக் காட்சிசாலையில் ஸ்டார்லி காலத்துச் சைக்கிள்களையும் பார்க்கலாம். லயன்ஸ் 1985 பிப்ரவரியில் காலமானது வாப்பன்பரி வீட்டில்தான். அந்த வாசலில்தான் எக்ஸ்.ஜே.யின் வெறும் கூட்டை நிறுத்திவைத்து, அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது.